ஜூன் மாதத்துப் பணம்

மழை ஏமாற்றாத ஆண்டுகளில் முல்லைப் பெரியாறு அணையிலிருந்து முதல்போக நெல்லுக்குத் தண்ணீர் திறக்கும் நாள் ஜூன் 1. லோயர்கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் இருபோக நிலம் அந்தத் தண்ணீரை எதிர்பார்த்துக் கிடக்கும். உழவு, நாற்றங்கால், உரம், நடவுக்கூலி என்று கையிலிருக்கும் காசெல்லாம் சேற்றுக்குள் இறங்கும் மாதம் அது. அதே மாதத்தில் மலைக்கு மேலே ஏலத்தோட்டங்களில் பறிப்பு இன்னும் முழுவீச்சுக்கு வந்திருக்காது. தென்மேற்குப் பருவமழை வலுத்துவிட்டால் கம்பம்மெட்டு, குமுளி, போடிமெட்டு வழியாக விடியற்காலையில் ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகள் பாதி நாள் ஓடாது. நெல் அறுவடைக்குப் புரட்டாசி, ஐப்பசி வரவேண்டும். ஏலக்காய்க் கூலி சீராகக் கைக்கு வருவதும் ஏறக்குறைய அப்போதுதான்.

கல்லூரிகள் சேர்க்கை நடத்துவதும் கட்டணம் கேட்பதும் ஜூனிலிருந்து ஆகஸ்ட் வரை. கம்பம் பள்ளத்தாக்கில் பணம் வற்றிக்கிடக்கும் மூன்று மாதங்கள் எவையோ அவையேதான்.

ஏழை மாணவருக்கான உதவியைப் பற்றிப் பேசும்போதெல்லாம் நாம் தொகையைப் பற்றித்தான் பேசுகிறோம்: எவ்வளவு கொடுக்கிறார்கள், போதுமா, கூட்ட வேண்டுமா. அந்தத் தொகை எந்தத் தேதியில் வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு. இந்த உரை அந்தத் தேதியைப் பற்றியது.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ கலந்தாய்வு நடக்கும்போது தரவரிசை பார்ப்பார்கள், இடஒதுக்கீட்டுப் பிரிவு பார்ப்பார்கள். அப்பாவின் சம்பளத்தைக் கேட்டு எவருக்கும் இடம் மறுப்பதில்லை. அமெரிக்காவில் இதையே ஒரு பெரிய கொள்கையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். விண்ணப்பித்தவருக்குக் கட்டணம் கட்ட வசதி உண்டா இல்லையா என்று பாராமல் சேர்த்துக்கொண்டு, பிறகு தேவைக்கேற்ப உதவித்தொகை தருவதாக ஹார்வர்டு, யேல், பிரின்ஸ்டன் போன்ற சில பல்கலைக்கழகங்கள் அறிவித்திருக்கின்றன. மற்ற பலவற்றில் இரண்டு பேர் சமமாக நின்றால் காசு கட்டக்கூடியவர் பக்கம் தராசு சாயும். அதை அவர்கள் மறைப்பதுமில்லை. ஆனால் பணம் பார்ப்பதில்லை என்று சொன்ன இடங்களிலும் பார்த்தார்கள் என்று 2022 ஜனவரியில் சிகாகோ நீதிமன்றத்தில் வழக்கு வந்தது. உதவித்தொகைக் கணக்கைக் கூடிப் பேசி வகுத்துக்கொண்டு அதைக் குறைத்தார்கள், காத்திருப்போர் பட்டியலிலும் கொடையாளர் வீட்டுப் பிள்ளைகள் விஷயத்திலும் செல்வத்தைக் கணக்கில் எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. சிகாகோ பல்கலைக்கழகம் 1.35 கோடி டாலருக்கு முதலில் சமரசம் செய்துகொண்டது. யேல், கொலம்பியா, டியூக், பிரவுன் எல்லாம் தொடர்ந்தன. தவறு செய்ததாக அவை ஒப்புக்கொள்ளவில்லை.

அங்கே பணம் வாசலில் கேட்கப்படுகிறதா இல்லையா என்பது சண்டை. இங்கே வாசலில் கேட்பதில்லை என்பது உண்மை. உள்ளே நுழைந்த ஏழாம் நாள் கேட்கிறோம்.

பொறியியல் கலந்தாய்வில் ஒதுக்கீடு உறுதியானவர் ஏழு நாளுக்குள் கட்டணம் கட்டிச் சேர வேண்டும் என்ற விதி 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கட்டாதவர் இடம் அடுத்தவருக்குப் போகும். விதியில் தப்பில்லை, காலி இடங்கள் வீணாகாமலிருக்கக் கொண்டுவந்ததுதான். ஏழு நாளில் பணம் புரட்டுவது எப்படி என்பதுதான் வீட்டுக்கு வீடு மாறும் விஷயம்.

கோம்பையிலோ தேவாரத்திலோ ஏலத்தோட்டக் கூலிக்குப் போகும் ஒரு தாய் என்று வைத்துக்கொள்வோம். மகளுக்குத் தனியார் பொறியியல் கல்லூரியில் அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்திருக்கிறது. விடுதி முன்பணம், பேருந்துக் கட்டணம், புத்தகம், சீருடை என்று முதல் தவணைக்குக் கல்விக் கட்டணத்தோடு சேர்த்து 40,000 ரூபாய் வேண்டும். நகை இருந்தால் கூட்டுறவு வங்கி. அதுதான் நல்ல வழி. நகை ஏற்கெனவே உள்ளே இருந்தால் நூற்றுக்கு மூன்று வட்டிக்கு ஊரில் வாங்குவார். அதாவது மாதம் 1,200 ரூபாய். அந்தப் பெண் அரசுப் பள்ளியில் ஆறிலிருந்து பன்னிரண்டு வரை படித்திருந்தால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்கில் விழும். 2022 செப்டம்பர் 5 அன்று தொடங்கிய நல்ல திட்டம். மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரிலான திருமண உதவியைக் கல்வி உதவியாகத் திருப்பிய துணிச்சலான முடிவு. ஆனால் இந்த வீட்டில் அந்த ஆயிரம் ரூபாய் வட்டிக்கே போதவில்லை. இன்னும் 200 ரூபாய் கூலியிலிருந்து எடுத்துக் கொடுக்க வேண்டும். கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. மூன்று வட்டியைக் கந்துவட்டி என்று சொன்னால் ஊரில் சிரிப்பார்கள். அது நியாய வட்டி.

பணம் சில நிமிடம் பிந்தியதால் இடம் போனதற்கு நாடறிந்த வழக்கு ஒன்று உண்டு. 2024-ல் உத்தரப் பிரதேசம் முசாபர்நகர் மாவட்டத்துத் தினக்கூலித் தொழிலாளி ஒருவரின் மகனுக்குத் தன்பாத் ஐஐடியில் மின் பொறியியல் இடம் கிடைத்தது. கட்ட வேண்டியது 17,500 ரூபாய், கெடு ஜூன் 24 மாலை 5 மணி. ஊரெல்லாம் கேட்டுப் பணம் சேர்வதற்குள் நேரம் கடந்துவிட்டது, இணையதளம் மூடிக்கொண்டது. அந்த ஆண்டு நுழைவுத் தேர்வை நடத்தியது சென்னை ஐஐடி என்பதால் பையன் சென்னை உயர் நீதிமன்றப் படியும் ஏறினான். கடைசியில் செப்டம்பர் 30 அன்று தலைமை நீதிபதி சந்திரசூட் தலைமையிலான அமர்வு, அரசமைப்பின் 142-ஆம் பிரிவைப் பயன்படுத்தி, கூடுதல் இடம் ஒன்றை உருவாக்கியாவது அவரைச் சேர்க்க உத்தரவிட்டது. நாட்டின் உச்ச நீதிமன்றத்துக்கு இருக்கும் தனி அதிகாரம் 17,500 ரூபாய்க்காகப் பயன்பட்டது. உச்ச நீதிமன்றம் வரை போகாமல் உள்ளூர்க் கலைக்கல்லூரியில் சேர்ந்துவிட்டவர்களின் பெயர் எந்தத் தீர்ப்பிலும் இருக்காது.

தமிழ்நாட்டில் இதே பாடத்தை அரசே ஒரே வாரத்தில் கற்றுக்கொண்ட கதை ஒன்று இருக்கிறது. அதன் முதல் பாதி தேனி மாவட்டத்தில் நடந்தது.

2020 நீட் தேர்வில் பெரியகுளம் பக்கத்துச் சில்வார்பட்டி அரசுப் பள்ளியில் படித்த மாணவர் ஒருவர் 720-க்கு 664 மதிப்பெண் எடுத்தார். வீட்டுத் தொழில் ஆடு மேய்ப்பது. நாடு முழுவதும் செய்தி ஆனது. சாதனையைக் கொண்டாடிய வேகத்தில், அது எப்படி நடந்தது என்பது பின்னுக்குப் போனது. முதல் தடவை எழுதியபோது அவருக்கு இடம் கிடைக்கும் மதிப்பெண் வரவில்லை. ஓராண்டு பயிற்சி மையத்தில் இருந்து படித்துத்தான் இரண்டாம் தடவை வென்றார். அந்த ஓராண்டுக் கட்டணத்தை ஆசிரியர்களும் நல்ல மனம் கொண்ட வெளியாரும் சேர்ந்து கட்டினார்கள். திறமை முதல் ஆண்டிலும் அதே பையனிடம் இருந்தது. இரண்டாம் ஆண்டில் கூடுதலாகச் சேர்ந்தது பிறர் கொடுத்த பணமும் அது வாங்கித் தந்த பயிற்சியும். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-ல் கொடுத்த அறிக்கை இதை மாநில அளவில் காட்டியது: மருத்துவ இடம் பெற்றவர்களில் மறுபடி எழுதியவர்களின் பங்கு 2016–17-ல் 12.47 விழுக்காடு, 2020–21-ல் 71.42 விழுக்காடு. ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க வீடு தாங்குமா என்ற கேள்வி தேர்வுத் தாளில் இல்லை. விடை எழுதாமல் அதைத் தாண்டவும் முடியாது.

அந்த 2020-ல்தான் மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காடு ஒதுக்கீடு வந்தது. நீதிபதி பி. கலையரசன் குழு அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 விழுக்காடு பரிந்துரைத்தது, அரசு 7.5 என்று முடிவு செய்து சட்டம் இயற்றியது. 2020 அக்டோபர் இறுதியில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்து, நவம்பர் 18 அன்று சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. முந்தைய ஆண்டு விரல் விட்டு எண்ணக்கூடிய அளவில் இருந்த அரசுப் பள்ளி மாணவர்கள் இப்போது மருத்துவமும் பல் மருத்துவமும் சேர்த்து 400-க்கு மேல். சமூகநீதி வரலாற்றில் எழுதத்தக்க நாள்தான்.

அரங்கிலிருந்து வெளியே வந்த சில பெற்றோருக்கு அன்றே தலை சுற்றியது. கிடைத்த இடங்களில் ஒரு பகுதி தனியார் கல்லூரிகளில். அரசு ஒதுக்கீடு என்றாலும் கட்டணம் ஆண்டுக்கு 4 லட்சத்தை ஒட்டி, விடுதி தனி. ஒதுக்கீடு சட்டம் இடத்தைக் கொடுத்தது, கட்டணத்தைப் பற்றி அதில் ஒன்றுமில்லை. சிலர் இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள், சிலர் அரசுக் கல்லூரி ஏதாவது காலியாகுமா என்று காத்திருப்போர் பட்டியலுக்குப் போனார்கள். விஷயம் செய்தித்தாளுக்கு வந்ததும் கட்டணத்தைத் தாங்களே ஏற்பதாக எதிர்க்கட்சியாக இருந்த திமுக அறிவித்தது. முதல்வர் பழனிசாமி அரசே கட்டும் என்று அறிவித்தார். ஏற்கெனவே இடத்தைக் கைவிட்டவர்களில் சிலர் நீதிமன்றம் போக வேண்டியிருந்தது.

முதல்வரின் அறிவிப்பில் ஒரு நுணுக்கம் உண்டு. அந்த மாணவர்களில் பலருக்குக் கல்வி உதவித்தொகை ஏற்கெனவே உரிமையாக இருந்தது. அது வந்து சேரக் காலம் பிடிக்கும் என்பதுதான் சிக்கல். அதனால் உதவித்தொகைக்காகக் காத்திருக்காமல் கல்லூரிகளுக்கு உடனே பணம் செலுத்தத் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தில் ஒரு சுழல் நிதி ஏற்படுத்தினார்கள். பணம் புதிதாகக் கண்டுபிடிக்கப்படவில்லை. அதன் தேதி முன்னுக்கு நகர்ந்தது. 2021-ல் பொறியியல், வேளாண்மை, கால்நடை மருத்துவம், மீன்வளம், சட்டம் ஆகியவற்றுக்கும் 7.5 விழுக்காடு விரிந்தபோது முதல்வர் ஸ்டாலின் கல்விக் கட்டணம், விடுதிக் கட்டணம், கலந்தாய்வுக் கட்டணம் மூன்றையும் அரசே ஏற்கும் என்று தொடக்கத்திலேயே சொல்லிவிட்டார். 2020 நவம்பரில் பட்ட அவமானம் வீண்போகவில்லை. 2022 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் ஒதுக்கீட்டை உறுதி செய்தது.

கம்பம் பள்ளத்தாக்குக்கு இந்தச் சட்டத்தில் தனி அக்கறை இருக்க ஒரு காரணம், அரசுப் பள்ளி என்பதற்குள் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளும் அடங்கும் என்பது. குற்றப் பரம்பரைச் சட்டக் காலத்தில் மதுரைச் சீமையில் தொடங்கி, இன்று மதுரை, தேனி, திண்டுக்கல் மாவட்டங்களில் இருக்கும் பள்ளிகள் அவை. கண்காணிக்கத் தொடங்கிய ஏற்பாட்டின் மிச்சம் நூறாண்டுக்குப் பிறகு மருத்துவக் கல்லூரிக்கு வழி விட்டிருக்கிறது.

வெளியே நிற்பவர்களும் இந்தப் பள்ளத்தாக்கில்தான் அதிகம். அரசு உதவி பெறும் பள்ளியில் படித்தவர் 7.5-க்குள் வரமாட்டார், பக்கத்து வீட்டு அரசுப் பள்ளிப் பிள்ளையைவிட அவர் வீடு ஏழையாக இருந்தாலும். புதுமைப் பெண் திட்டத்தில் உதவி பெறும் பள்ளிகளின் தமிழ்வழி மாணவியரை 2024 டிசம்பரில் சேர்த்தார்கள். ஒதுக்கீட்டில் இன்னும் இல்லை. அதைவிடக் கடினமானது எல்லை. பெற்றோர் இடுக்கித் தோட்டத்து லயத்தில் தங்கி வேலை பார்க்க, பீர்மேட்டிலோ உடும்பன்சோலையிலோ கேரள அரசின் தமிழ்வழிப் பள்ளியில் படித்த பிள்ளை, பூர்வீகம் உத்தமபாளையம் வட்டம் என்றாலும், தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்தவர் ஆகமாட்டார். பாட்டி வீட்டில் விட்டுப் படிக்கவைத்த பிள்ளைக்கு உரிமை உண்டு. கூடவே வைத்துக்கொண்ட பிள்ளைக்கு இல்லை. மலையில் வேலை பார்க்கும் குடும்பங்களுக்கு ஆறாம் வகுப்பிலேயே யாரும் இதைச் சொல்வதில்லை.

மற்ற உதவிகள் அநேகமாக எல்லாமே சான்றிதழில் தொடங்குகின்றன. வருமானச் சான்று, சாதிச் சான்று, இருப்பிடச் சான்று, முதல் பட்டதாரிச் சான்று. இ-சேவை மையத்தில் பதிந்தால் விஏஓ, ஆர்ஐ, வட்டாட்சியர் என்று படியேறிப் போகும். 2010-ல் தொடங்கிய முதல் பட்டதாரிச் சலுகை, ஒற்றைச் சாளரத்தில் தொழிற்கல்வி இடம் பெற்றவருக்குக் கல்விக் கட்டணத்தில் பொறியியலுக்கு 25,000 ரூபாய் வரை குறைக்கிறது. அழகான விஷயம், அது கட்டணத்திலேயே கழிந்துவிடும். மாணவர் முதலில் கட்டிவிட்டுப் பிறகு வாங்குவதில்லை. குடும்பத்தில் ஒருவருக்குத்தான். அக்கா வாங்கிவிட்டால் தம்பிக்கு இல்லை, தம்பி படிக்கும்போது அப்பாவின் முதுகு இன்னும் வளைந்திருக்கும் என்றாலும்.

ஆதிதிராவிடர், பழங்குடியினர் மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை இதில் எதிர்த்திசையில் நகர்ந்தது. ஆண்டு வருமானம் 2.5 லட்சத்துக்குள் இருப்பவர்களுக்கான திட்டம். தமிழ்நாட்டில் 2012-ன் அரசாணை எண் 92 தனியார் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே தர வழிசெய்தது. 2017-ல் நிர்வாக ஒதுக்கீட்டு இடங்கள் விஷயத்தில் அதைச் சுருக்கினார்கள், போராட்டங்கள் நடந்தன. 2021-ல் ஒன்றிய அரசு ஆதிதிராவிடர் திட்டத்தின் விதிகளை மாற்றிச் செலவில் 60 விழுக்காட்டை ஏற்றுக்கொண்டு, பணத்தை மாணவர் வங்கிக் கணக்குக்கே அனுப்பும் முறையைக் கொண்டுவந்தது. கல்லூரிகள் போலிப் பெயர்களில் பணம் எடுத்த மோசடிகள் நாட்டில் நடந்திருந்ததால் காரணம் நியாயமானது. விளைவு வேறு: கணக்கில் பணம் விழும்வரை கல்லூரிக்குக் கடன்காரர் யார் என்றால், மாணவர். தேர்வுக் கட்டணம் கட்டும் வாரத்தில், நுழைவுச் சீட்டு வாங்கும் நாளில், அந்தக் கடன் பெயர் சொல்லிக் கூப்பிடும்.

கல்விக் கடன் இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது. 7.5 லட்சம் வரை பிணையம் இல்லாமல் தர ஏற்பாடு உண்டு. 2024 நவம்பரில் ஒன்றிய அமைச்சரவை ஒப்புதல் தந்த வித்யாலக்ஷ்மி திட்டம் வட்டிச் சலுகையும் தருகிறது, தரவரிசையில் முன்னிற்கும் நிறுவனங்களில் (தொடக்கத்தில் 860) சேர்ந்தவர்களுக்கு. உள்ளூர்ச் சிறு கல்லூரியில் சேர்கிறவரை அது தொடாது. சாதாரணக் கடனுக்கு வங்கி முதலில் கேட்பது சேர்க்கைக் கடிதம். கடிதம் வந்தபின் விண்ணப்பித்தால் முடிவு சொல்ல 15 நாள் முதல் ஒரு மாதம் என்பது வங்கிகளின் விதி. கல்லூரியின் கெடு ஏழு நாள். இந்த இரண்டு விதியையும் எழுதியவர்கள் ஒருவரையொருவர் சந்தித்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் பள்ளத்தாக்குப் பிள்ளைகள் என்ன செய்கிறார்கள்? பக்கத்தில் இருப்பதைத் தேர்ந்தெடுக்கிறார்கள். விருப்பப் பட்டியலில் போடி அரசு பொறியியல் கல்லூரியை முதலில் போடுபவர் எல்லோரும் அதன் தரவரிசை பார்த்துப் போடுவதில்லை. வீட்டிலிருந்து போய்வரலாம் என்று போடுகிறார்கள். 2022 மே மாதம் தேனிக்கும் 2023 ஜூனில் போடிக்கும் அகல ரயில் வந்த பிறகு மதுரையும் போய்வரும் தூரத்துக்குள் வந்தது, சிலருக்கு அது விடுதிக் கட்டணத்தையே மிச்சப்படுத்தும் உதவித்தொகை. இப்படிப் பக்கத்துக் கல்லூரி என்று ஒன்று இருப்பதே முந்தைய தலைமுறைகளின் கொடைதான். உத்தமபாளையத்தில் ஹாஜி கருத்த ராவுத்தர் ஹவுதியா கல்லூரி 1956-ல் வந்தது. போடியில் ஏலத்தோட்ட உரிமையாளர் சங்கம் கல்லூரி கட்டியது. தேனி மேலப்பேட்டை உறவின்முறை நாடார் சரஸ்வதி நிறுவனங்களை நடத்துகிறது. உறவின்முறைகளின் பழைய மகமை வழக்கத்தில் ஒரு சூட்சுமம் இருந்தது: மூட்டைக்கு இவ்வளவு என்று வியாபாரம் நடக்கும்போதே எடுத்து வைத்துவிடுவார்கள். கேட்கும் நாளில் பெட்டியில் ரொக்கம் இருக்கும்.

இன்றைய அறக்கட்டளைகள், இந்தச் சொற்பொழிவை நடத்துவது போன்றவை உட்பட, வேறு வழியில் வேலை செய்கின்றன. மூலதனம் வங்கியில் கிடக்கும், ஆண்டு வட்டியில் பரிசு. பெரும்பாலும் ஆண்டு விழாவில், முதல் மதிப்பெண் எடுத்தவருக்கு, ஜனவரியிலோ மார்ச்சிலோ. அந்தப் பிள்ளை அதற்குள் இரண்டு பருவத்துக் கட்டணத்தை எப்படியோ கட்டி முடித்திருக்கும். கட்ட முடியாத பிள்ளை மேடைக்குக் கீழேயும் இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பத்து லட்சம் ரூபாய் அறக்கட்டளை, ஏழு விழுக்காடு வட்டி என்றால் ஆண்டுக்கு 70,000 ரூபாய். முன்னே சொன்ன 40,000 ரூபாய்க் கணக்கில் இரண்டு பேருக்குக்கூடப் போதாது. அதே பத்து லட்சத்தை ஜூனில் வட்டியில்லாமல் கைமாற்றாகக் கொடுத்து, உதவித்தொகையோ வங்கிக் கடனோ வந்ததும் திரும்ப வாங்கினால் ஒரே ஆண்டில் 25 பேர் சேரலாம். அடுத்த ஜூனில் இன்னொரு 25 பேர். மருத்துவப் பணிகள் கழகத்தில் 2020-ல் வைத்த சுழல் நிதிக்குச் சின்ன உருவம் இது.

அறங்காவலர்கள் இரண்டு தடை சொல்வார்கள், இரண்டும் பொருளுள்ளவை. பணம் திரும்பி வருமா என்பது ஒன்று. எல்லாம் வராது; 25 பேரில் ஐந்து பேர் திருப்பித் தராவிட்டால் மூலதனத்தில் 2 லட்சம் போகும், கொடையாளரின் பேரப்பிள்ளைகளுக்குப் பதில் சொல்ல வேண்டும். உதவித்தொகை உறுதியானவர்களுக்கு மட்டும் கொடுப்பது, கல்லூரியின் கணக்குக்கே கட்டுவது, யாருக்கு என்பதை மதிப்பெண் பார்த்து முடிவு செய்யாமல் பன்னிரண்டாம் வகுப்பு ஆசிரியரின் சொல்லைக் கேட்பது ஆகியவற்றால் இழப்பைக் குறைக்கலாம், ஒழிக்க முடியாது. மற்றொன்று சட்டம். மூலதனத்தைத் தொடக்கூடாது, வட்டியைத்தான் செலவிட வேண்டும் என்று பத்திரத்தில் எழுதியிருந்தால் அறங்காவலர் விருப்பத்துக்கு மீற முடியாது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 92-ஆம் பிரிவில் நீதிமன்றம் போய்த் திட்டத்தை மாற்ற வேண்டியிருக்கும். அது ஆண்டுக்கணக்கில் இழுக்கும். இனிமேல் எழுதும் பத்திரங்களுக்கு அந்தக் கட்டு இல்லை. பழைய அறக்கட்டளைகளில் செலவாகாமல் சேர்ந்து கிடக்கும் வட்டிப் பணத்துக்கும் பல இடங்களில் இல்லை. பத்திரத்தை எடுத்து ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, வரும் மே மாதக் கூட்டத்திலேயே அதிலிருந்து தொடங்கலாம்.